பீரோவின் நாலாவது கால்

எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் இரும்பு பீரோவுக்கு மூன்று கால்தான் தரையில் படும். பீரோவில் குறையில்லை, தரையில்தான் குறை. அப்பா போட்ட சிமெண்டுத் தரை அந்த மூலையில் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். கதவைத் திறந்தால் பீரோ ஒரு பக்கம் சாய்ந்து 'டக்'கென்று சத்தம் போடும். பிளஸ் டூ முடித்த வருடம், இனிமேல் தேவைப்படாது என்று தெரிந்ததும், என் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் நானே செருகினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. கோபத்தில்தான் செய்தேன். கல்லூரியில் இயற்பியல் படிக்க ஆசைப்பட்டேன். வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அதற்கப்புறம் முப்பது வருடம் புத்தகம் பீரோவைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் பாவு பிணைக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

பாவு பிணைப்பது என்றால் என்னவென்று காஞ்சிபுரத்துக்கு வெளியே கேட்டால் பலருக்குத் தெரியாது. புடவையின் நீளவாட்டில் ஓடும் இழைகளெல்லாம் சேர்ந்ததுதான் பாவு. தறியில் ஒரு பாவைக் கடைசி நுனிவரை நெய்துவிட மாட்டார்கள், கொஞ்சம் விட்டு வைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் என்னைப் போல ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையோடும் சேர்த்து முறுக்குவேன். ஆயிரக்கணக்கில் இழைகள். முடிச்சுப் போடக் கூடாது. இழைகள் நுழைந்து வரும் சீப்பு மாதிரியான அச்சின் பல்லில் முடிச்சு மாட்டிக்கொண்டு அறுந்துவிடும். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு இழைகளையும் சேர்த்து ஓர் உருட்டு, மடக்கி இன்னோர் உருட்டு. அவ்வளவுதான். அப்புறம் பழைய பாவை இழுத்தால் புதுப் பாவு அதன் பின்னாலேயே வந்துவிடும்.

அந்த இரண்டு இழைகளையும் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும்தான். ஒன்றின் மேல் ஒன்று சுற்றிக்கொண்டு, ஒன்றை ஒன்று நழுவ விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இழுத்தால் இன்னும் இறுகும். முறுக்குப் போதவில்லை என்றால் நழுவிவிடும், அதிகமானால் அறுந்துவிடும். அளவு எது என்று விரலுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால் சொல்ல வராது.

பங்குனி சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது இன்னொரு தொந்தரவு உண்டு. விரலால் தடவிய பட்டிழை தானாக எழுந்து கையைத் தேடி வரும், தட்டிவிட்டாலும் போகாது. உரசினால் மின்னேற்றம் வரும் என்று பள்ளியில் சீப்பையும் காகிதத் துண்டையும் வைத்துக் காட்டினார்கள். பட்டிழையைக் காட்டியிருந்தால் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும் என்று ஒவ்வொரு பங்குனியிலும் நினைத்துக்கொள்வேன். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

முப்பது வருடம் சாம்பலும் நூலும் தேய்த்ததில் என் விரல்களில் ரேகை போய்விட்டது. கட்டைவிரல் வழவழவென்று இருக்கும். ரேஷன் கடை மெஷின் என்னை ஏற்றுக்கொள்ளாது, அதற்குத் தம்பியின் மனைவிதான் போக வேண்டும். என் செல்போனும் என்னை யாரென்று கேட்கும். முகத்தைக் காட்டித் திறந்துகொள்கிறேன். இதையெல்லாம் நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. பாவு பிணைக்கிறவர்கள் பலருக்கும் விரல் இப்படித்தான் இருக்கும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணங்கள் உண்டு, இங்கே வேண்டாம். அம்மா முதலில் போனாள், அப்பா நான்கு வருடத்துக்கு முன்னால் போனார். உயில் எழுதவில்லை. வீட்டில் எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. என்னைவிட அவன் ஒன்பது வயது இளையவன். நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு வேலை. அவனும் அவன் மனைவியும் பின்கட்டில் இருக்கிறார்கள். தெருவைப் பார்த்த முன்னறை என்னுடையது. கட்டில், பீரோ, சன்னலோரம் ஒரு மேசை. பாவு பிணைக்கக் கூப்பிட வருகிறவர்கள் சன்னல் கம்பியைத் தட்டினால் போதும், நான் கிளம்பிவிடுவேன்.

போன வருடம் தம்பி மாடி கட்டவேண்டும் என்றான். பேங்கில் கடன் கேட்டிருந்தான். ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னான்.

"க்கா, பேங்குல பத்திரம் ஒரே பேர்ல இருந்தா ஈஸின்றாங்க. நீ விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து போட்டுட்டன்னா வேலை முடிஞ்சிடும்."

நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ எங்க போவப்போற? எப்பவும் இங்கதான இருக்கப்போற" என்றான்.

"மாடியில உங்களுக்குன்னே தனி ரூம் அண்ணி. காத்து பிச்சிக்கினு வரும்" என்றாள் அவன் மனைவி.

நான் "சரி" என்றேன். அந்த நேரத்தில் சரி என்பதுதான் சுலபமாக இருந்தது. எங்கள் தெருவில் எந்த அக்கா தங்கையும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போடுவார்கள், தம்பி ஒரு பட்டுப்புடவை எடுத்துத் தருவான், கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வருவார்கள்.

அடுத்த வாரம் ஓர் இன்ஜினியர் டேப்போடு வந்தார். முன்னறைச் சுவரை அளக்க பீரோ குறுக்கே நின்றது. அவரும் தம்பியும் சேர்ந்து அதை அறையின் நடுவுக்கு இழுத்தார்கள். இரும்புக் கால் தரையைக் கீறிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். பீரோ நகர்ந்ததும் மூலையில் என் புத்தகம் கிடந்தது. அட்டையில் கால் பதிந்து சதுரமாக ஒரு குழி. அந்தக் குழி நாற்பது ஐம்பது பக்கம் வரை இறங்கியிருந்தது. தம்பி அதைக் காலால் ஓரமாகத் தள்ளினான். அவனைக் குறை சொல்ல முடியாது, முப்பது வருடமாக அதைக் காலுக்கடியில் வைத்தது நான்தான்.

அளந்து போட்ட வரைபடத்தைத் தம்பியின் மனைவி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்துப் பொருத்தினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். என் அறை இருக்கவேண்டிய கட்டத்துக்குள் 'கார் பார்க்கிங்' என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே மாடிப்படி.

"நம்பகிட்ட காரே இல்லியே" என்றேன்.

"வாங்கமாட்டமா அண்ணி?" என்று சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு ஒரு நல்ல வீடு வேண்டும், அவ்வளவுதான்.

மாடியறை நல்லதுதான். ஆனால் தறியோரம் கால் மடக்கி உட்கார்ந்து உட்கார்ந்து என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. பூமி எல்லாரையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது என்பார்கள். படியேறும்போது என்னை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறது. மாடிக்குப் போனால் சன்னல் கம்பியை யாரும் தட்ட முடியாது. நான் இறங்கி வருவதற்குள் அடுத்த தெருவுக்காரியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை சரி என்று சொன்ன பிறகு எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

புத்தகத்தைத் துடைத்து எடுத்து வைத்தேன். வேலை இல்லாத பகல்களில் படித்தேன். முப்பது வருடத்துக்கு முன்னால் பரீட்சைக்காக உருப்போட்டது இப்போது வேறு மாதிரி இருந்தது. விசைகள் பற்றிய பாடத்தில் ஒரு படம். மேசை மேல் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு, மேல்நோக்கி ஓர் அம்பு, இரண்டும் ஒரே நீளம். பூமி பெட்டியைக் கீழே இழுக்கிறது, மேசை அதே அளவுக்குப் பெட்டியை மேலே தள்ளுகிறது, ஆகவே பெட்டி சும்மா இருக்கிறது. அந்தப் படத்தின் மேலும்தான் பீரோக்கால் பதிந்திருந்தது.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கும் ஒரு பொருளின் மேல் விசையே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. எல்லாப் பக்கமும் தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள், கணக்கு நேராகிவிட்டதால் அசையாமல் இருக்கிறது. இந்தப் புத்தகம் முப்பது வருடம் பீரோவை மேலே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை ஒரு வேலை என்று யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அம்பு போட ஆரம்பித்தேன். கொடிக்கயிற்றில் ஈரப்புடவை தொங்கினால், நடுவில் ஓர் அம்பு கீழே, கயிற்றின் இரண்டு முனையிலும் இழுவிசை. தறியில் பாவு விறைப்பாக நின்றால், முன்னால் ஓர் அம்பு, பின்னால் ஓர் அம்பு. கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை இலேசாக வருகிறது, மட்டத்துக்கு மேலே வந்ததும் கனக்கிறது, ஆகவே தண்ணீரும் கீழிருந்து தூக்கிக்கொண்டுதான் இருந்தது. இதெல்லாம் எனக்கு ஒரு விளையாட்டாக ஆகிவிட்டது. தம்பியும் அவன் மனைவியும் பேசும்போதுகூட அவர்கள் சொல்லுக்கு அம்பு போட்டுப் பார்த்தேன். எல்லாம் என் பக்கம்தான் வந்தன. என்னிடமிருந்து ஒன்றுகூடப் புறப்படவில்லை.

பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் கடை வைத்திருந்த ஒரு பாய். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் எப்போதும் ஆறிப்போன டீ. தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்தான். அப்பா வீடு வாங்கியபோது பத்திரம் எழுதியது இவருடைய அப்பா.

"ஒரு தபா முழுசாப் படிச்சிக்கமா. தஸ்தாவேஜு பதிவாயிட்டா அப்பால ஒண்ணும் பண்ண முடியாது" என்று என்னிடம் நீட்டினார்.

படித்தேன். நான்கு எல்லைகள், சதுரடி, சர்வே எண். கடைசிப் பக்கத்தில், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், நல்ல நினைவோடும் முழு மனத்தோடும் இதை எழுதிக் கொடுப்பதாக நான் சொல்லியிருந்தேன். நான் சொல்லவில்லை, பாய் டைப் செய்திருந்தார். எல்லாப் பத்திரத்திலும் அந்த வரி இருக்குமாம். மேசை மேல் பெட்டியைப் படம் போட்டுவிட்டு, அம்புகளை எல்லாம் அழித்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூவரும் உள்ளே போனோம்.

அலுவலகக் கதவில் ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். தள்ளிக்கொண்டே போகவேண்டும், விட்டால் முகத்தில் வந்து அடிக்கும். தம்பி பிடித்துக்கொள்ள நான் நுழைந்தேன். முகூர்த்த நாள் போல, நல்ல கூட்டம். எங்கள் டோக்கன் வந்ததும் கம்ப்யூட்டரில் இருந்த பெண் கருப்பாக ஒரு சின்ன டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"கட்டைவிரல் வைங்கமா."

வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நல்லா அழுத்துங்க."

அழுத்தினேன். சிவப்பு. வலதில் மற்ற விரல்கள், அப்புறம் இடது. எல்லாம் சிவப்பு. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்குக் கை வியர்க்கத் தொடங்கியது.

"வழுக்கிக்கினு போவுதுமா. நல்லாப் புடிமானமா வைங்க."

விரல் வழுக்குகிறது, பிடிமானம் வேண்டும். இந்த வார்த்தைகளைக் கேட்டால் என் கை என்ன செய்யுமோ அதைச் செய்துவிட்டது. பர்ஸில் கோயில் விபூதிப் பொட்டலம் எப்போதும் இருக்கும். பிரித்து, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டு, ஒன்றோடொன்று தேய்த்து, கண்ணாடி மேல் வைத்து ஓர் உருட்டு உருட்டினேன். முப்பது வருடமாக எது நழுவினாலும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. டப்பா 'கீ'யென்று கத்தியது. அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"இன்னாமா பண்றீங்க! மெஷினுக்கு விபூதி பூசறீங்க!"

"அவங்க பாவு பிணைக்கறவங்க. பழக்க தோஷம்" என்றார் பாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கூட்டத்தில் யாரோ "ரெண்டு கற்பூரமும் காட்டிடுங்க" என்றார்கள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

ஈரத்துணி, காய்ந்த துணி எல்லாம் போட்டுத் துடைத்து அந்த டப்பாவை மறுபடி நடக்க வைக்கக் கால்மணி நேரமாயிற்று. கண்ணை வைத்துப் பதியும் மெஷினும் உண்டாம், திங்கட்கிழமை வந்தால் எடுத்துவைப்பதாகச் சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை. பாய் பத்திரத்தைக் கவரில் போட்டுத் தம்பியிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் உணர்ந்தது நிம்மதிதான். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் வாய் சொல்லாததை விரல் சொல்லிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் அது உண்மையில்லை. விரல் ஒன்றும் சொல்லவில்லை, தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை கண்ணைக் காட்டினால் வேலை முடிந்துவிடும். கண் தேயவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. தம்பி வேலைக்குப் போயிருந்தான், அவன் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பீரோ இன்னும் அறையின் நடுவிலேயே நின்றது. இரண்டு வாரமாக அதைச் சுற்றிக்கொண்டுதான் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்கு அதன்மேல் கோபம் வந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். அசையவே இல்லை.

இது புத்தகத்தில் இருக்கிறது. நான் எவ்வளவு தள்ளுகிறேனோ அவ்வளவுக்குத் தரையும் உராய்ந்து எதிர்க்கும். கொஞ்சம் தள்ளினால் கொஞ்சம், நிறையத் தள்ளினால் நிறைய. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் பொருள் நகர ஆரம்பித்துவிடும், நகர ஆரம்பித்தபின் அவ்வளவு கஷ்டம் இல்லை. முதல் அசைவுதான் கஷ்டம். பீரோவிலிருந்த புடவைகளையும் பாத்திரங்களையும் எடுத்துக் கட்டிலில் குவித்தேன். ஒரு பழைய கோணிப்பையை மடித்து, பீரோவைச் சாய்த்து, கால்களுக்கு அடியில் விட்டேன். அப்புறம் முதுகைச் சுவர்ப்பக்கம் கொடுத்து, கோணியின் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முழங்கால் இரண்டும் அம்மாவென்று கத்தின. பீரோ ஒரு ஜாண் நகர்ந்தது. அப்புறம் இன்னொரு ஜாண். கடைசி ஜாணைத் தோளால் தள்ளி, கால்மணி நேரத்தில் அதன் பழைய மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். கோணியை உருவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். உடம்பெல்லாம் நடுங்கியது. சந்தோஷமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஷிஃப்டு முடிந்து வந்த தம்பி வாசற்படியிலேயே நின்று பீரோவைப் பார்த்தான்.

"யாரு நகத்தனது?"

"நான்தான்."

"ஒண்டியாவா? மறுபடியும் எடுக்கணுமேக்கா."

நான் புடவைகளைப் பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே போய்விட்டான். காலுக்கு அடியில் வைக்கப் புத்தகம் என் கையிலேயே இருந்தது, ஆனால் வைக்கவில்லை. படித்து முடிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் பீரோ 'டக்'கென்றது.

திங்கட்கிழமை கண் மெஷின் வந்திருந்தது. இரண்டு குழாய் வைத்த கருவி. கண்ணை அகல விரித்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெண் "அப்பாடா" என்றாள். இனி ஒளிந்துகொள்ள மெஷின்கூட இல்லை. எங்களைப் பதிவாளர் மேசைக்கு அனுப்பினார்கள். நடுவயது மனிதர். பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமாமா? வீட்ல உங்க பாகத்தை உங்க தம்பிக்கு விட்டுக் குடுக்கறீங்க."

"தெரியும் சார்."

"யாருனா வற்புறுத்தினாங்களா?"

"இல்ல சார்."

"உங்க இஷ்டத்துலதான் குடுக்கறீங்களா?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பார். கேட்டுக்கொண்டே பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். ஆனால் இத்தனை நாளில் என்னிடம் அதை முதலில் கேட்டவர் அவர்தான். தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் சட்டையிலிருந்து கம்பெனி மெஷின் எண்ணெய் வாசனை வந்தது.

"இல்ல சார். எனக்கு இஷ்டம் இல்ல" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. பத்திரத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "அப்ப வீட்ல பேசிக்கினு வாங்க. அடுத்தது யாரு?" என்றார். அவ்வளவு சாதாரணமாக முடிந்துவிட்டது. தரை உடையவில்லை, கூரை இடியவில்லை.

வெளியே புளியமரத்தடியில் பைக்கைத் திருப்பிக்கொண்டே தம்பி சொன்னான்:

"வீட்லயே சொல்லியிருக்கலாமேக்கா. இத்தினி பேரு முன்னாடி."

"நீ கேக்கலியேடா."

"கேட்டனே."

"கையெழுத்து கேட்ட. இஷ்டமான்னு அவருதான் கேட்டாரு."

பாய் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வந்து, "ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டாலும் லோனு கெடைக்கும்பா. கொஞ்சம் பேஜாரு, அலையணும், அவ்ளோதான்" என்றார். தம்பி தலையாட்டிவிட்டு வண்டியை உதைத்தான்.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன்மேல் படாமல் தள்ளியே உட்கார்ந்தேன். ராஜவீதியில் ஒரு மாடு குறுக்கே வந்தது, அவன் சட்டென்று பிரேக் போட்டான். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. முன்னால் போய் அவன் முதுகில் மோதினேன். நெற்றி அவன் தோளில் இடித்தது. இதையும் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். "புடிச்சிக்கக்கா" என்றான் திரும்பாமல். அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

அப்புறம் பத்து நாள் வீட்டில் பேச்சே இல்லை. அவன் மனைவி குழம்பை மூடி வைத்துவிட்டுப் போவாள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து வரைபடம் போய்விட்டது. காந்தம் மட்டும் இருந்தது, அதன் கீழே கரண்ட் பில். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். தப்புச் செய்துவிட்டோமோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒரு நாள்கூட மாற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. பிள்ளையாக இடுப்பில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்க்காமல் கடந்து போனது வலித்தது. அந்த வலிக்கு அம்பு எங்கே போடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு விடியற்காலை வேலைக்குப் போகப் புடவை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். 'டக்'. தம்பி கம்பெனி யூனிஃபார்மில், சாப்பாட்டுப் பையோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தான். நின்றான். பையைக் கீழே வைத்தான்.

"அந்த புக்கு எங்கக்கா?"

"தலகாணிகிட்ட."

அவன் எட்டிப் பார்த்தான். புத்தகத்தின் நடுவில் அடையாளத்துக்கு ஒரு துண்டு நூல் வைத்திருந்தேன்.

"படிச்சிக்கினு கீறியா?"

"ஆமா."

அவன் பின்கட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது அவன் கையில் பாய் போட்டுக்கொடுத்த கவர் இருந்தது. பத்திரத்தை வெளியே எடுத்து, இரண்டாக மடித்து, நான்காக மடித்து, எட்டாக மடித்தான். முத்திரைத்தாள் கெட்டியானது, மடங்க மறுத்தது, தொடைமேல் வைத்து அழுத்தி மடித்தான். என்னிடம் நீட்டினான்.

"நான் தூக்கறேன். நீ வை."

தோளைப் பீரோவில் முட்டுக்கொடுத்து, அடியில் கைவிட்டுத் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. மூலைக்கால் ஒரு நூல் அளவு எழும்பியது. நான் மண்டி போட்டு, முழங்காலின் கத்தலைக் கேட்காமல், அந்த மடிப்பை உள்ளே செருகினேன். அவன் மெதுவாக இறக்கினான். கதவைத் திறந்து பார்த்தான், மூடிப் பார்த்தான். சத்தம் இல்லை.

"போதும்ல?"

"போதும்டா."

"பஸ் வந்துடும்" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலாவது கால் என் பாகத்தின் மேல்தான் நின்றது. அதன்பிறகு பீரோ ஆடவில்லை.